நாற்பது ஆட்சேபங்களும் ஓர் உறுதிமொழியும்

என் வரைவின் பதினெட்டாம் பதிப்பைக் கத்தரி நாற்பது இடத்தில் வெட்டி அனுப்பியிருந்தார். பதினேழாம் பதிப்பில் முப்பத்தெட்டு வெட்டு. எட்டு வருஷமாகத் திருத்தித் திருத்தி எழுதினால் குறை குறையும் என்று நினைப்பவர்கள் இணையத்துக்கு விதி எழுதும் எங்கள் குழுவில் ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

கத்தரி என்பது என் வரைவை மதிப்பாய்வு செய்பவருக்கு நான் வைத்த பெயர். அவர் எனக்கு வைத்த பெயர் பதினெட்டு. போன வருஷம் பதினேழாக இருந்தேன். இரண்டு பேரும் ஒரே ஊர்தான். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஆனால் எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் குழுவின் பொது மெயிலில். உலகத்தில் இஷ்டப்பட்டவர்கள் எல்லாம் படிக்கலாம், எப்போதும் அழியாது. "சிந்திப்பதற்கு முன் எழுதிப் பழகியவர்" என்று அவர் என்னைப் பற்றி எழுதியதும், "எழுதத் தெரியாததால் வெட்டப் பழகியவர்" என்று நான் பதில் கொடுத்ததும் இன்றைக்கும் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

சண்டை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். இணையம் என்பது ஆயிரக்கணக்கான நெட்வொர்க்குகள் ஒன்றையொன்று நம்பிக் காலம் தள்ளுகிற பெரிய கூட்டுக்குடும்பம். "இந்த முகவரிகளுக்குப் போக வேண்டுமா, என் வழியாக வா" என்று ஒவ்வொன்றும் மற்றவற்றுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்வது உண்மையா என்று யாரும் கேட்பதில்லை. எவனோ ஒருவன் அடுத்தவன் முகவரியைத் தன்னுடையது என்று கூவினால், அந்த முகவரிக்குப் போக வேண்டியதெல்லாம் இவன் வாசலில் போய்க் குவியும். சிலர் வேண்டுமென்றே செய்வார்கள். பெரும்பாலோர் தூக்கக் கலக்கத்தில் செய்வார்கள்.

இதைத் தடுக்கத்தான் சான்றிதழ். மேலே இருந்து முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் பதிவகம், கீழே இருக்கும் நெட்வொர்க்குக்கு, "இன்னின்ன முகவரித் தொகுதிகள் இவருடையவை" என்று வரி வரியாக எழுதி மின்கையொப்பம் போட்டுக் கொடுக்கும். ரூட்டர்கள் அதைப் பார்த்து, கூவுகிறவன் உரியவன்தானா என்று முடிவு செய்யும். பழைய விதி என்னவென்றால், அந்தச் சான்றிதழில் இருநூறு வரி இருந்து, ஒரே ஒரு வரி மேலே இருப்பவரிடமே இல்லாத தொகுதியாகப் போய்விட்டால், சான்றிதழ் மொத்தமும் செல்லாது. என் வரைவு சொல்வது, அந்த ஒரு வரி மட்டும் செல்லாது, மீதி செல்லும். முப்பத்து நான்கு பக்கத்தில் விஷயம் இந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் அதற்குக் காவல்.

இந்த வாக்கியத்தை நான் பொழுது போகாமல் எழுதவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், நான் வேலை பார்க்கும் பதிவகத்தில் ஒரு முகவரித் தொகுதியை வேறிடத்துக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை என் கையில் இருந்தது. முதலில் கீழே இருப்பவரின் சான்றிதழிலிருந்து அந்த வரியை எடுக்க வேண்டும். பிறகுதான் மேலே எடுக்க வேண்டும். நான் மேலே முதலில் எடுத்தேன். சாப்பிடப் போகிற அவசரம். மேலே இல்லாத ஒரு வரி கீழே இருந்தது, அவ்வளவுதான். கீழே இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு வரியும் ஒரே நிமிஷத்தில் செத்தன. ஒரு நடுத்தர ஊர் நான்கு மணி நேரம் இணையத்தில் இல்லை. அங்கே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் வந்து சேராமல் ஒரு மனிதர் அறுவை அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார். பிழைத்துவிட்டார். நானே போன் செய்து கேட்டேன், யார் என்று சொல்லாமல். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை மதியம் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்காது.

ஒரு வரித் தப்புக்கு இருநூறு வரியைக் கொல்லக் கூடாது என்று அன்றைக்கு ஆரம்பித்தது. கத்தரி ஒரே பாட்டைப் பாடினார்: "ஒரு வரி பொய் சொன்ன சான்றிதழில் மற்ற வரிகளை எந்த முகத்தோடு நம்புவது?" நியாயம் மாதிரிதான் தோன்றும். அதுதான் அவரிடம் எரிச்சல்.

இந்தத் தடவை எனக்கு அவகாசம் இல்லை. மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். ஆபீஸ் என்னைச் சகித்துக்கொண்டிருப்பதே இந்த வரைவுக்காக. நான் போனால் இதைத் தூக்கிச் சுமக்க ஒருவரும் இல்லை. புதுப் பதிப்பு வராத வரைவு ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகிவிடும் என்பது குழுவின் விதி. இருபத்து நான்காம் தேதிக் கூட்டத்தில் நிறைவேறினால் உண்டு, இல்லாவிட்டால் என் எட்டு வருஷம் குப்பைக்கு. கத்தரியின் மதிப்பாய்வு பதினைந்தாம் தேதி வந்தது. கடைசி நாளின் கடைசி மணி நேரத்தில். படிவத்தின் அடியில் வழக்கமான உறுதிமொழி: "வரைவை எழுதியவருக்கும் எனக்கும் குடும்ப உறவு எதுவும் இல்லை." அதற்கும் சேர்த்து மின்கையொப்பம் போட்டிருந்தார்.

உறவா, அந்த மனுஷனோடா என்று சொல்லிக்கொண்டேன்.

இருபத்தொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் என் மகள். சாவி வைத்திருப்பவள் எதற்கு மணி அடிக்கிறாள் என்று அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பக்கத்தில் இஸ்திரி கலையாத சட்டையில் ஒரு பையன்.

"அப்பா, கொஞ்சம் உக்காருங்க. அம்மா, நீயும் வா" என்றாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள்.

திருமணப் பதிவுச் சான்றிதழ். தொழில் புத்தி எங்கே போகும்? முதலில் வரிசை எண்ணைப் பார்த்தேன், பிறகு வழங்கிய தேதி, பிறகு கையொப்பம், அதற்குப் பிறகுதான் பெயர்கள். பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை. எல்லாம் முறையாக இருந்தது. அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதே எனக்கு முதல் அதிர்ச்சி.

"வியாழக்கிழமை ஆபீஸ்ல பயிற்சின்னு சொன்னியே?"

"பொய்ப்பா."

"முழு நாளும் பயிற்சி, சாப்பாடு அங்கயே தர்றாங்கன்னு சொன்னே."

"அதுவும் பொய்தான். அன்னிக்குச் சாப்பிடவே இல்ல."

என் மனைவிதான் உருப்படியான கேள்வியைக் கேட்டாள். "தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?"

பையன் சொன்னான். சொல்லும்போது மேஜையைப் பார்த்தான். என் முகத்தில் ஈயாடவில்லை. கத்தரியின் மகன்.

மூன்று வருஷத்துக்கு முன் குழுவின் கூட்டம் எங்கள் ஊரிலேயே ஒரு ஓட்டலில் நடந்தது. நான் லேப்டாப் சார்ஜரை வீட்டில் மறந்துவிட்டேன், மகள் கொண்டுவந்தாள். கத்தரியைக் காரில் அழைத்துப்போக அவர் மகன் வந்திருந்தான். கூட்டம் முடிந்தும் நாங்கள் இரண்டு பேரும் நடைவழியில் நின்று, ஒரு வரியா மொத்தமுமா என்று இரண்டு மணி நேரம் கத்தினோம். அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளைகள் காபி இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஒரு முடிவுக்கும் வரவில்லை. அவர்கள் வந்துவிட்டார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"எப்படிப்பா கேக்கிறது? நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டி எழுதினதை உலகமே படிக்குது. நானும்தான் படிச்சேன். ஒவ்வொரு பதிப்பு முடிஞ்சதும் சமாதானம் ஆயிடுவீங்க, அப்ப கேக்கலாம்னு இருந்தோம். பதினாலுல இருந்து காத்திருக்கோம்."

அவள் சொன்னதில் கோபப்பட ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

"ஒரு பொய் சொன்னவ எத்தனை பொய் சொல்லியிருப்பே! இருபத்தேழு வருஷத்துல எதைத்தான் நம்புறது? எல்லாம் பொய். மொத்தமும் பொய். இன்னியோட நீ எனக்குப் பொண்ணு இல்ல."

அவள் அழுதிருந்தால் நான் கொஞ்சம் தணிந்திருப்பேன். அழவில்லை. "சரிப்பா" என்றாள். உள்ளே போய் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டாள். வீட்டுச் சாவியைச் சான்றிதழின் மேல் வைத்துவிட்டு, பையனோடு படி இறங்கினாள். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மகளோடு போனில் மட்டும் பேசினாள், என் காதில் விழும்படி. "அப்படியா? வாசல் பக்கத்து ரூமையே கொடுத்துட்டாரா? அவரோட புத்தக அலமாரியை எல்லாம் தூக்கி ஹாலுக்குப் போட்டுட்டாரா? நல்ல மனுஷன்டி." கத்தரிக்கும் அன்று காலைதான் விஷயம் தெரியுமாம், இங்கே வருவதற்கு முன் அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுவிட்டு, "பொய் சொன்னது தப்பு. சரி, டிபன் சாப்பிட்டீங்களா?" என்றாராம்.

காகிதத்தில் ஒரு வரி தப்பினால் உயிரை வாங்குகிற மனுஷன் வீட்டில் இப்படி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் மேஜையில் அந்தச் சான்றிதழ் அப்படியே கிடந்தது. சாவியை நகர்த்திவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். பதினொன்றாம் தேதி. எங்கேயோ பொறி தட்டியது. ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்து கத்தரியின் படிவத்தைப் பார்த்தேன். பதினைந்தாம் தேதி. "குடும்ப உறவு எதுவும் இல்லை." பதினொன்றிலிருந்து அவர் எனக்குச் சம்பந்தி. பதினைந்தில் போட்ட கையெழுத்து பொய்க் கையெழுத்து. தெரியாமல் போட்டால் என்ன, பொய் பொய்தானே?

அதைவிடப் பெரிய சந்தோஷம் குழுவின் விதிப்புத்தகத்தில் இருந்தது. "உறுதிமொழி பொய்யானால் மதிப்பாய்வு மொத்தமும் செல்லாது." பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்த விதியை எழுதியவர் சாட்சாத் கத்தரி. மதிப்பாய்வு தர வேண்டிய கடைசி நாளும் போய்விட்டது. நாற்பது ஆட்சேபமும் விழுந்தால் என் வரைவுக்கு ஆட்சேபமே இல்லை என்று அர்த்தம். புதன்கிழமை அது நிறைவேறும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மாட்டினார்!" என்று சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். பேசாவிரதத்தில் இருந்தவளிடம் முழுக் கதையையும் ஒப்பித்தேன். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அவர் எப்படி உங்களுக்குச் சம்பந்தி ஆவாரு?"

"என்ன கேள்வி இது? என் பொண்ணு அவர் பையனைக் கட்டியிருக்கா."

"உங்களுக்குத்தான் பொண்ணே இல்லையே. காலையில சொன்னீங்களே."

அவள் அடுத்த பாத்திரத்தைக் கையில் எடுத்தாள்.

"பொண்ணு இல்லேன்னா உறவு இல்ல. உறவு இல்லேன்னா அவர் எழுதினது உண்மை. நாற்பதும் நிக்கும்" என்றாள். முப்பது வருஷமாக என் தொழிலைப் பற்றி ஒன்றும் புரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள். "ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. ரெண்டையும் சொல்ல முடியாது."

திங்கட்கிழமை ஆபீசில் குழுத் தலைவிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் அறை சர்வர் அறைக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. விசிறிகளின் இரைச்சலில் மனிதக் குரல் கேட்காது, அதனால் யோசிக்க வசதி. "என் மகள்" என்று எழுதினேன். அழித்தேன். "மேற்படி பெண்" என்று எழுதினேன். மேலே ஒரு பெண்ணையும் பற்றிச் சொல்லவில்லையே என்று அதையும் அழித்தேன். "என் வீட்டில் இதுவரை வசித்துவந்த ஒருவர்" என்று எழுதிப் பார்த்தேன். வாடகைக்கு இருந்தவளைப் பற்றிப் புகார் கொடுப்பது மாதிரி இருந்தது. ஒரு வாக்கியத்தைப் பதினெட்டுப் பதிப்பு எழுதத் தெரிந்தவனுக்கு இரண்டு வார்த்தையில் வந்து முட்டிக்கொண்டது.

சும்மா இருப்பானேன் என்று, கடிதத்தை விட்டுவிட்டு நாற்பது ஆட்சேபங்களைப் படித்தேன். கரித்துக்கொட்டுவதற்காகத்தான். முதல் பத்தில் ஏழு வெறும் குசும்பு. அதற்கப்புறம் மனசு கனத்தது. இருபத்து மூன்றாவது ஆட்சேபம் இது: "ஒரு வரியை மட்டும் செல்லாததாக்கலாம் என்கிறார். நல்லது. அதை அந்த வரிக்கு உரியவரிடம் யார் சொல்வது? எந்தப் பக்கத்திலும் இல்லை. தன் வரி எடுக்கப்பட்டது தெரியாமலேயே ஒருவர் காத்துக்கொண்டிருப்பார்."

எட்டு வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்த மனிதரிடமும் அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏன் காத்திருக்கிறோம் என்று. ஆட்சேபம் மிகச் சரி. என் வரைவு அப்படியே நிறைவேறினால் ஓட்டையோடு நிறைவேறும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் வயிற்றிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்குத் திரையில் அறுபத்து மூன்று முகங்கள். தலைவி சமையலறை டைமர் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருப்பார். இரண்டு நிமிஷத்துக்கு மேல் யார் பேசினாலும் அது கத்தும். இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் கை தூக்கி ஓட்டெடுக்கும் வழக்கம் கிடையாது. ஒப்புக்கொள்பவர்கள் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனக வேண்டும். பிறகு மறுப்பவர்கள் முனகுவார்கள். எந்த முனகல் கனமாக இருந்தது என்று தலைவி காதால் அளந்து சொல்வார். யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. உலகத்தின் இணையத்தைக் கட்டிக் காப்பவர்கள் நாங்கள்தான்.

என் கடிதம் முடியாமல் பாதியில் இருந்தது. வாயாலேயே சொல்லிவிடலாம் என்று மைக் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன். அதற்குள் கத்தரி முந்திக்கொண்டார்.

"தலைவி அவர்களே, மதிப்பாய்வுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றார். அவருக்குப் பின்னால் ஹாலில் புத்தக அலமாரி கோணலாக நின்றது. "உறவு இல்லேன்னு நான் கையெழுத்துப் போட்டது பதினஞ்சாம் தேதி. அதுக்கு நாலு நாள் முன்னாடியே எனக்கும் வரைவை எழுதினவருக்கும் உறவு உண்டாயிடுச்சு. எனக்கு அப்போ தெரியாது. தெரியாதுங்கிறது விதியில இல்ல. அந்த விதியை எழுதினவனே நான்தான். அதனால என் மதிப்பாய்வு மொத்தமும் செல்லாது. நாற்பதையும் வாபஸ் வாங்கிக்கிறேன்."

டைமர் கத்தவில்லை. முப்பது விநாடிகூட ஆகவில்லை.

எனக்கு உச்சி குளிர்ந்திருக்க வேண்டும். நான் நினைத்தது அப்படியே நடக்கிறது. அதுவும் என் கையில் கறை படாமல். ஆனால் திரையில் அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தன் விதிக்குத் தானே கழுத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு அவரிடம் மரியாதை வந்தது. அது அவமானத்தோடு சேர்ந்து வந்தது.

"சரி, குறிப்புல எழுதணும்" என்றார் தலைவி. "வரைவை எழுதினவர் உறுதிப்படுத்தணும். இந்த உறவு உண்மையா?"

அறுபத்து மூன்று முகங்களும் என்னைப் பார்த்தன. கூட்டம் பதிவாகிக்கொண்டிருந்தது. அதுவும் எப்போதும் அழியாது.

"உண்மைதான்" என்றேன். "என் பொண்ணு, அவர் பையனைக் கல்யாணம் பண்ணியிருக்கா. என் பொண்ணு." எதற்கு இரண்டு தடவை சொன்னேன் என்று தெரியவில்லை.

யாரோ ஒருவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, கூட்டத்தில் இது பொருத்தமா என்று பயந்து மைக்கை அணைத்தார்.

"அப்படின்னா மதிப்பாய்வு விழுந்தது" என்றார் தலைவி. "இனி ஆட்சேபம் எதுவும் பாக்கி இல்ல. வரைவு இப்படியே நிறைவேறலாம்னு நினைக்கிறவங்க முனகலாம்."

நான் முனகியிருந்தால் போதும். எட்டு வருஷம் கரை சேர்ந்திருக்கும். ஆனால் அந்த வரைவில் இருப்பதே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைக் காலில் போட்டு மிதித்துவிட்டுத்தான் அது நிறைவேற வேண்டுமா? மைக்கைத் திறந்தேன்.

"இருங்க, இருங்க. பொய்யானது அந்த ஒரு உறுதிமொழி. அதை மட்டும் எடுங்க. ஆட்சேபத்தை எல்லாம் வச்சுக்குங்க. யார் சொன்னா என்ன, ஓட்டை ஓட்டைதானே? இருபத்து மூணாவது ரொம்பச் சரி. நான் கவனிக்கவே இல்ல. இன்னும் ஒரு முப்பது சரியா இருக்கலாம்."

"மீதி ஒன்பது?" என்றார் கத்தரி. குரலில் பழைய குசும்பு திரும்பிவிட்டது.

"அது நீங்க என்னைக் கடுப்பேத்த எழுதினது."

"பத்து" என்றார்.

உறுதிமொழி வரியை மட்டும் எடுக்கலாமா என்று தலைவி முனகச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு கனமான முனகலை நான் கேட்டதில்லை. என் மேஜையில் இருந்த டம்ளர் அதிர்ந்தது. அப்படியானால் குழுவின் உறுதிமொழி விதியை மாற்ற ஒரு வரைவு வேண்டும், யார் எழுதுகிறீர்கள் என்று அவர் கேட்டபோது அறுபத்து மூன்று மைக்கும் ஒரே நேரத்தில் அணைந்தன. எனக்கு முப்பத்தொன்றாம் தேதி வரை அவகாசம். நாற்பதுக்கும் பதில் எழுதிப் பத்தொன்பதாம் பதிப்பைக் கொடுத்தால் நிறைவேறும், இல்லாவிட்டால் குப்பைதான். ஏழு நாள். ஜெயித்த ஆட்டத்தை நானே கலைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலமே போன் வந்தது.

"தனியா உக்காந்தா உங்களால முடியாது" என்றார் கத்தரி. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. சேர்ந்து முடிச்சிடுவோம். ஒரு சந்தேகம், இனிமே உங்களைச் சம்பந்தின்னு கூப்பிடணுமா, பத்தொன்பதுன்னு கூப்பிடணுமா?"

"வேலை முடியற வரைக்கும் பத்தொன்பது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி எனக்கு முன்பே புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் நான் அச்சடித்த ஆட்சேபங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. சட்டைப் பையில் அந்தச் சாவி இருந்தது, உட்காரும்போதெல்லாம் குத்தியது.

கதவைத் திறந்தது என் மகள்தான். கையில் வெங்காய வாசம். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "வாங்கப்பா" என்றாள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மரியாதையோடு. உள்ளே கத்தரி மேஜை முழுக்கக் காகிதத்தைப் பரப்பி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் மனைவி அவரிடம் போய் எதையோ பேச ஆரம்பித்தாள், வேண்டுமென்றே சத்தமாக.

நான் வாசலிலேயே நின்றேன். இருபத்து மூன்றாவது ஆட்சேபம் ஞாபகம் வந்தது. உரியவரிடம் யார் சொல்வது? யாரும் சொல்லவில்லை என்றால் அவள் காத்துக்கொண்டேதான் இருப்பாள்.

"கூட்டம் பதிவானதைப் பார்த்தியா?" என்றேன்.

"பார்த்தேன். மாமாதான் போட்டுக் காட்டினார்."

"அது ஊருக்குச் சொன்னது. உனக்கு நான் இன்னும் சொல்லல."

நான் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"வியாழக்கிழமை பயிற்சின்னு சொன்னே பாரு" என்றேன். "அதை மட்டும் எடுத்துட்டேன்."

"மீதி?"

"மீதி செல்லும்மா" என்றேன்.

அதற்குத்தான் அவள் அழுதாள். உள்ளேயிருந்து கத்தரி, "பத்தொன்பது, முதல் ஆட்சேபத்துக்கு வரலாமா?" என்று கூப்பிட்டார். அவளே பதில் சொன்னாள்.

"அஞ்சு நிமிஷம் இருங்க மாமா. இங்க இன்னும் முடியல."